நைட்ரஜன் திருத்தம்

கிளாவரைக் கடைசி பஸ்ஸில்
"பாம் என் மடியில்தான் இருக்கு" என்று
போனில் சொன்னேன்.
கண்டக்டர் இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றார்.

கைக்கு அடக்கமான எஃகுக் குடுவைதான், அண்ணே.
ஒரு கிராம் எச்சத்தை உள்ளே வைத்து
ஆக்ஸிஜன் அடைத்துப் பற்றவைத்தால்
சுற்றியுள்ள தண்ணீர் ஒன்றரை டிகிரி சூடேறும்.
அந்த ஒன்றரை டிகிரிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

பன்னிரண்டு கூண்டு, பன்னிரண்டு முட்டைக்கோழி.
ஆறுக்கு வழக்கமான தீவனம்.
மற்ற ஆறுக்கு அதில் நூற்றுக்கு முப்பதை எடுத்துவிட்டு
மன்னவனூர்ச் சரிவில் விளைந்து
சந்தை கழித்துப்போட்ட
காய்ந்த பட்டாணி, அரைத்தது.
சோயா விலை ஏறிய நாளிலிருந்து
டாக்டர் சுகிர்தாவுக்குக் கனவிலும் பட்டாணி.

தின்றதை நிறுக்கிறோம். சிந்தியதை நிறுக்கிறோம்.
தட்டில் விழுந்ததை
நான்கு பகல் நான்கு இரவு
ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுக்கிறோம்.
இன்னாசி இடுக்கியோடு குனிந்து
இறகுத் துணுக்கையும் தோல் பொருக்கையும் பொறுக்குகிறார்.
"சாமியாருக்குப் படிக்கப் போனவன் நான்.
பாதியில் ஓடி வந்துட்டேன்.
பாவத்தை இப்படி இடுக்கியில் எடுக்கலாமுன்னா
இருந்திருப்பேன்."

பிறகு அடுப்பில், அறுபது டிகிரியில், இரண்டு நாள்.
காய்ந்தபின் அது நாறுவதில்லை,
நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை,
அவ்வளவுதான்.
ஆனால் ஸ்வெட்டரில் ஏறிக்கொண்டால் இறங்காது.
பூண்டு மூட்டைகளோடு பிதுங்கும் பஸ்ஸிலும்
என் பக்கத்து சீட் காலி.

மூன்றாம் இரவு உறைபனி.
தண்ணீர்க் கிண்ணங்களில் பால் ஏடு போல் ஐஸ்.
கோழிகள் தங்களைத் தாங்களே போர்த்திக்கொண்டு
கழுத்தில்லாத பந்துகளாக உட்கார்ந்திருந்தன.
மறுநாள் சாயங்காலம் தீவனத் தொட்டியை நிறுத்தால்
தலைக்குப் பதினைந்து கிராம் கூடுதலாக இறங்கியிருக்கிறது.
தின்று தின்று எரித்திருக்கின்றன,
என் குடுவையைப் போலவே,
சத்தமில்லாமல்.
சமவெளியில் போட்ட அட்டவணையில்
இந்தக் குளிருக்குக் கட்டம் கிடையாது.

அன்று பதினொன்று முட்டையை நிறுத்திவிட்டன.
ஒன்பதாம் நம்பர் மட்டும் இட்டது.
ஐம்பத்தெட்டு கிராம்.
அந்தக் கொட்டகையில் வெதுவெதுப்பாக இருந்த
ஒரே பொருள்.
கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.
யாரும் பார்க்கவில்லை,
ஒன்பதாம் நம்பரைத் தவிர.

இனித்தான் திருத்தம்.
கோழி தன்னிடம் தக்கவைத்துக்கொண்ட நைட்ரஜனுக்கு
கிராமுக்கு எட்டு புள்ளி இரண்டு இரண்டு கிலோகலோரி வீதம்
கழிக்க வேண்டும்.
அதாவது
அது சதை போடவில்லை,
இறகு வளர்க்கவில்லை,
முட்டை இடவே இல்லை என்று
வைத்துக்கொள்ள வேண்டும்.
அப்போதுதான்
கோழியின் சாமர்த்தியம் கலக்காமல்
தீவனத்தின் மதிப்பு மட்டும் தெரியும்.

நியாயம்தான்.
பரீட்சையில் இதற்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.
ஆனாலும்
பனியில் இட்டவளையும் இடாதவர்களையும்
ஒரே சைபரில் கொண்டுவந்து நிறுத்தும்போது
கால்குலேட்டர் மேல் விரல் கொஞ்சம் நின்றது.

பட்டாணி: கிலோவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பது.
இரட்டை மாதிரியை எரித்தால்
அறுபது தள்ளி நிற்கிறது.
"மறுபடி," என்றார் டாக்டர்,
கண்ணாடியைக் கழற்றாமலே.

அவர் ஜீப் வளைவில் மறைந்ததும்
இன்னாசி ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.
பதிவேட்டில் "உடைந்தது" என்று எழுதினேன்.
கணக்குப்படி இடப்படாத முட்டையை
கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கினோம்.
நூலால் இரண்டாக அறுத்து
அவருக்குப் பாதி, எனக்குப் பாதி,
அவர் தோட்டத்து மிளகு.

மஞ்சள் நடுவில்
இன்னும் கொஞ்சம் இளகியே இருந்தது.