தசமத்துக்குப் பின்னால்

சம்மாந்துறை மில்லிலிருந்து நேரே வந்த உதுமாலெவ்வை
ஷொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தார்.
இரண்டு போகத்து நெல் துண்டுகள்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனையால் அவர் கணக்கு.
"உங்கட கம்பியூட்டர் மூட்டைக்கு மூட்டை
கொஞ்சம் தின்னுது மகள்."

61.4 என்று தராசு சொல்ல
61 என்று எழுதியிருக்கிறோம்.
61.9க்கும் அதே 61.

கல்முனை, பாமசிக்கு மேல்மாடி.
மூன்று பேர், நான்கு கதிரை.
நாலாவதில் இப்போது அவர்.

"ஆர் எழுதின கோட் இது?"
நான்தான் கேட்டேன். கேட்ட குரலுக்கு
சிஹானா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.
டிலோஜன் தேடினான்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
பெயரை வாசிக்காமல்
திரையை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

என் பெயர்.
ஒரு வியாழன், இரவு 11.48.
பக்கத்தில் நானே இட்ட குறிப்பு:
'சின்னத் திருத்தம்.'

"நான்தான்" என்றேன்.
ஃபேன் சுற்றியது. வேறொன்றும் நடக்கவில்லை.
"முதல்ல டெஸ்ட் எழுதுவமா?" என்று
61.9ஐ உள்ளே விட்டாள் சிஹானா.
சிவப்பு.
வரியை மாற்றினேன், அவள் பார்த்திருக்க.
பச்சை.
எல்லாம் ஒன்பது நிமிடம்.

உதுமாலெவ்வை எழும்பவில்லை.
"இனிச் சரி. போனது?"

யாரும் சொல்லாமலே டிலோஜன்
துண்டுகளைத் திகதிவாரியாக
அடுக்கத் தொடங்கியிருந்தான், தரையில்.
சில துண்டுகளில் மை மங்கிவிட்டது;
பேனைக் கணக்கு மங்கவில்லை.

மில் முதலாளிக்கு எடுத்தேன்.
மூன்றாவது தடவையும் மணி போகிறது.
நான் வைக்கவில்லை.