ஒரு நெடில்

பெட்டியின் எடை நாற்பது கிலோ தாண்டக் கூடாது.
பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்றபடி
இரண்டு பேர் இழுக்க வேண்டும்.
உள்ளே வருவது நாற்பத்தெட்டுத் தொலைபேசி,
வெளியே போக நான்கே தடம்.
ஐந்தாவது ஆள் பேச வந்தால் யாரை அறுப்பது?

அதற்கும் ராணுவத்தின் தாளில் பதில் இருந்தது.
சாதாரணம், முக்கியம், அவசரம், மின்னல்.
மேலது வந்தால் கீழது அறுபடும்.
அறுபடும் முன் எச்சரிக்கை: தேவையில்லை.

ஔலு நகரில் ஜனவரி, மூன்று மணிக்கே இருட்டு.
இர்யா கெம்பைனன் சுற்றுப்படத்தின் ஓரத்தில்
கேட்காத ஒரு ரிலேயை வரைந்தாள்.
"இது எதுக்கு?" என்றான் வெய்க்கோ.
"ஒரு சின்ன ஒலி. நானூறு மில்லி வினாடி.
அப்புறம் அறுக்கட்டும்."
"அதுக்குள்ள என்னத்தைச் சொல்லிட முடியும்?"
அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
ஒரு நெடில். கொஞ்சம் அவசரப்பட்டால்
ஒரு ஊர்ப்பெயரில் பாதி.

மார்ச்சில் ரோவனியெமிக்கு வடக்கே ஒத்திகை.
மைனஸ் முப்பத்தொன்று.
ரிலேக்களின் மசகு மெழுகாய் இறுகிவிட,
லாரிக்குள் ஹேர் டிரையரோடு உட்கார்ந்திருந்தாள் இர்யா,
காதில் ஒட்டுக்கேட்கும் கருவி.

பத்தொன்பது வயது ஓஸ்மோ, சாதாரணத் தடத்தில்:
"மருத்துவப் பிரிவா? ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சிருக்கு,
சறுக்குவண்டி வேணும், நாங்க இருக்கிறது..."

ஒலி வந்தது.
அவள் வரைந்த ஒலி, அளவு பிசகாமல்.
பையன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.
மேலிடத்துச் சத்தம் கேட்டால்
மூடிக்கொள்ளத்தானே பழக்கியிருந்தார்கள்.
நானூறு மில்லி வினாடியும்
அவன் மூச்சு மட்டும்.

பிறகு மின்னல்.
கர்னலுக்குத் தெரியவேண்டியிருந்தது
சௌனா சூடாகிவிட்டதா, விறகு பிர்ச்சா பைனா என்று.
பதினோரு நிமிடம்.

கால் பிழைத்தது. அறிக்கையில்
'கருவி எதிர்பார்த்தபடி இயங்கியது' என்றிருந்தது.
அதில் பொய் எதுவும் இல்லை.

கையேட்டின் அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்:
ஒலி கேட்டால் பேச்சை நிறுத்தாதே.
முதல் பதிப்பில் அடித்துவிட்டார்கள்.
இரண்டாவதிலும்.

இப்போதும் தங்கையை அழைத்தால்
இர்யா முதலில் இடத்தைச் சொல்கிறாள்:
"துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால்."
நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்,
தடம் இருந்தால்.