எட்டாம் கலம்

பந்தலூர் தாலுகா அலுவலகம், பின்னறை.
ஜூலை. நாலு நாளாய் வெளிச்சமே இல்லை.
பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறேன்,
பக்கத்துக்கு ஒரு ரூபாய் நாற்பது.

மையில் ஈரம் ஏறி
எழுத்தெல்லாம் ரத்தம் குடித்த அட்டைகளாய்த்
தடித்துக் கிடக்கின்றன.
எழுதியவருக்கு நல்ல கை.
வாலைச் சுழித்துச் சுழித்து
எட்டாம் கலம் முழுக்க ஒரே சொல்:
தரிசு.

கீழ்நாட்டிலிருந்து வந்த குமாஸ்தாவாக இருக்கும்,
மலைக்காய்ச்சலோடு எழுதியிருப்பார்.
குதிரையை விட்டு இறங்காமலே
துரை கையை நீட்டியிருப்பார்.
கை எட்டிய தூரம் தரிசு.
கொம்புத்தேன் தொங்கிய மரம் தரிசு.
ராகி விதைத்து அறுத்துவிட்டு
மண் ஆறட்டும் என்று
மறுசரிவுக்குப் போயிருந்தார்கள் சனங்கள்,
திரும்பி வருவதற்குள் அதுவும்.
காடு என்று எழுதினால்
யாருடைய காடு என்று கேள்வி வருமே.
தரிசுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நாலு பக்கம் தள்ளி அதே சர்வே எண்,
வேறு மை: காப்பி.
இன்னும் தள்ளிப்போனால் தேயிலை,
லண்டன் கம்பெனி ஒன்றின் பேரில்,
ஏக்கர் கணக்கு அரைக்கால் பிசகாமல்.

எங்கள் ஆட்களையும் இப்படித்தான் எழுதினார்கள்.
கண்டிக்கு ஏற்றிய தாளில்
கூலி, ஆண் ஒன்று, பெண் ஒன்று.
அனுப்பிவைத்த தாளில் தாயகம் திரும்பியோர்.
தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது
அம்மாவுக்கு ஒன்பது வயது.
அதுவரை பார்த்தேயிராத ஊருக்குத்
திரும்பினாள்.
இங்கேயும் தேயிலைதான் காத்திருந்தது,
துரைக்குப் பதில் சர்க்கார்.
லயத்து வீட்டுக்கு இன்றுவரை பட்டா கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே சிக்கி நிற்கிறாள்,
காட்டுநாயக்கர் குடியிலிருந்து, மூன்றாவது தடவை.
பிளாஸ்டிக் உறைக்குள் மனு,
கையெழுத்து இடத்தில் ஊதா ரேகை.
அப்பனைப் புதைத்த மேட்டைக் கேட்கிறாள்.
வாங்கிப் பார்த்தேன்.
என் லயம் நிற்கும் அதே சர்வே எண்.

யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் பட்டியல் இறங்குகிறது:
நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு.
வேறு சொல் தட்டினால் ஏற்காது.
காலியாக விட்டால் கட்டம் சிவக்கிறது.

தரிசின் மேல் அம்புக்குறி நிற்கும்போது
மின்சாரம் போனது.
சேமிக்காத பக்கத்துக்குக் காசு வராது.
இருட்டில் மழை மட்டும் கேட்டது, தகரத்தில்.
பிறகு சிக்கி,
கம்பிக்குள் மூக்கை நுழைத்து:
"எழுதியாச்சா?"