இரண்டு குறைவு

குளித்துவிட்டு வந்தது தப்பு.
தலை வாரி, கஞ்சி போட்ட சேலை கட்டி,
ஏற்காட்டிலிருந்து ஆறரை மணி வண்டியில்
வளைவு வளைவாக இறங்கி
சேலம் ஜி.எச். வந்து நின்றது தப்பு என்றான் தம்பி பெலவேந்திரன்.
"கொஞ்சம் கலைஞ்சாப்ல வந்திருக்கணும்க்கா."

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்
தன் காலைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.
நான் எதைக் கழற்றிக் காட்ட?

டாக்டர் சின்னப் பெண். களைத்திருந்தார்.
தானாகக் குளிக்கிறீர்களா?
இன்றைக்கு, ஆமாம்.
சமையல்?
இன்றைக்கு ரசம் வைத்தேன்.
நாலு பேரோடு பழகுவது?
பஸ்ஸில் ஒரு குழந்தைக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தேன், இன்றைக்கு.
'இன்றைக்கு' என்பதை மட்டும்
அவர் எழுதிக்கொள்ளவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வேலை?

பதினோரு வருடம்
காப்பித் தோட்டத்தில் எடை போட்டேன்.
சாயங்காலம் பழச் சாக்கோடு பெண்கள் வருவார்கள்.
கொக்கியில் மாட்டி, முள் ஆடி நிற்கும்வரை பொறுத்து,
சாக்குக்குக் கழித்து, பேரேட்டில் எழுதுவேன்.
அரைக் கிலோ பிசகியதில்லை.

அப்புறம் ஒரு மார்கழி.
ஒன்பது ராத்திரி தூக்கம் என்னைத் தேடவில்லை,
நானும் அதை.
மலை முழுக்க எனக்காகவே பழுத்திருந்தது.
வெள்ளச்சி நாற்பது கிலோ கொண்டுவந்தாள்,
ஐம்பது என்று எழுதினேன்.
குப்பாயிக்கு முப்பத்திரண்டு, நாற்பத்திரண்டு.
எல்லோருக்கும் பத்து.
தராசு பொய் சொல்கிறது என்று
பனியில் வெறுங்காலோடு நின்று பிரசங்கம் செய்தேன்.
சம்பள நாளில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.
அடுத்த வாரம் துரை அத்தனையும் பிடித்தம் செய்தார்.
அதே வாய்கள் அப்போது பேசியதை இங்கே சொல்ல முடியாது.

பிறகு தை, மாசி, பங்குனி.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
தலையில் பேன் நடந்தது.
தம்பி பெண்டாட்டி கட்டிலடியில்
சட்டி வைத்து எடுத்தாள்.
அந்தப் பங்குனியில் யாராவது வந்து அளந்திருக்கலாம்.
மெடிக்கல் போர்டு மலையேறி வராது.

டாக்டர் கேட்டார். நிஜமாகவே கேட்டார்,
பேனா மூடியைத் திருகிக்கொண்டே.
பிறகு கூட்டினார்.
முப்பத்தெட்டு சதவீதம்.
அட்டைக்கும் மாதப் பணத்துக்கும் நாற்பது வேண்டும்.
"மாத்திரை நல்லா கேட்குது. சந்தோஷமான விஷயம்தானே?"

சந்தோஷமான விஷயம்தான்.
கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில்
அமலோற்பவம் என்கிற பெயர்
லித்தியம் தின்ற கையிலிருந்து
நண்டு மாதிரி ஊர்ந்தது.
கடைசி 'ம்' கட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

மேடம், நான் பத்து போட்டேன், நீங்கள் இரண்டு போடக் கூடாதா
என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.
கேட்டால் நோய் முற்றியது என்று எழுதிவிடுவார்.
"எழுதியிருந்தா நாற்பது வந்திருக்குமேக்கா"
என்று தலையில் அடித்துக்கொண்டான் தம்பி,
பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் வாங்கித் தந்தபோது.
துருவிய பீட்ரூட் பாதி என் மடியில்.
கஞ்சி போட்ட சேலை இப்போது கலைந்திருந்தது,
மூன்று மணி நேரம் தாமதமாக.

அடிவாரத்தில் ஏறினாள் வெள்ளச்சி,
மளிகைச் சாக்கோடு.
அந்தப் பிடித்தத்தை இன்னும் மறக்காதவள்.
இடம் இல்லாமல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.
மூன்றாம் வளைவு வரை பேசவில்லை.
"எவ்வளவு போட்டாங்க?"
முப்பத்தெட்டு.
"எவ்வளவு வேணும்?"
நாற்பது.
வண்டி திரும்பியது. இரண்டு பேரும்
ஒரே பக்கம் சாய்ந்தோம்.
"சாக்குக்குக் கழிச்சிருப்பாங்க" என்றாள்.