காலி

மூணாறு என்றால் எங்களுக்கு மலை இல்லை.
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பு.
ஷட்டர், துருப்பிடித்த சக்கரம், தூண்டில்காரர்கள்.
நீடாமங்கலத்தில் பிறந்து நான் ஏறிய உயரமெல்லாம்
கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய் போர்த்திய
நெல்மூட்டை அடுக்கு.
அதுவும் எங்கள் சாக்கு நனைந்ததா என்று பார்க்க.

உரக்கடை மாடியில் எனக்கு வேலை.
யூரியா நெடி படியேறி வந்து பக்கத்தில் உட்காரும்.
மேற்கே எங்கோ ஒரு மலையில்
மரத்துக்கு மரம் கட்டிவைத்த முப்பத்தாறு கேமரா
அசைவதையெல்லாம் எடுத்துத் தள்ளுகிறது.
ஆய்வாளர் ஷெர்லின் அட்டைகளைக் கழற்றி
படங்களை அனுப்புவார், நான் பெயர் போடுவேன்.
ஆயிரம் படத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.

கடமான். கடமான். காலி.
மிருகம் இல்லாத படம் காலி.
காற்றுக்கு ஆடிய இலை,
பாறைமேல் இடம் மாறிய வெயில்,
பத்தில் ஏழு அப்படித்தான்.
காலிக்கும் அதே கூலி.

முதல் வாரம் கேளையாட்டைச் சருகுமான் என்று போட்டேன்.
ஷெர்லின் திட்டவில்லை.
"காலைப் பாருங்க கோமளா,
பென்சில் தடிமன் இருந்தா சருகுமான்."
அன்றிலிருந்து மலையை நான்
கணுக்காலிலிருந்துதான் பார்க்கிறேன்.

இந்தமுறை பாதையில் யானைக் கூட்டமாம்,
அட்டை வந்து சேரத் தை பிறந்துவிட்டது.
கேமரா பதினாலு. ஜூலை ஒன்பது, மதியம் மூன்று இருபது.
மழை.
கண்ணாடியில் ஒரு துளி,
அதற்குள் பாதிக் காடு தலைகீழாக.
அடுத்த படமும் மழை. அதற்கடுத்ததும்.
எழுநூறு படம், வேறொன்றும் இல்லை, மழை.

ஜூலை ஒன்பது எனக்கு நினைவிருக்கிறது.
ஆற்றில் மணல். அப்பா நாற்றங்காலுக்கு
மணிக்கு இவ்வளவு என்று வாடகை என்ஜின் பேசிவிட்டு
மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.
அங்கே அப்போது இதுதான் பெய்துகொண்டிருந்தது.
பிறகு அது அணைக்கு வந்து, மதகுக்கு வந்து,
முறைத்தண்ணீர்ச் சண்டையில் ஒருவர் மண்டை உடைந்து,
எங்கள் ஆறு மாவில் ஏறி நின்று,
கதிராகி, அறுத்து,
இதோ டிபன் பாக்ஸில் புது அரிசிச் சோறு, கொஞ்சம் குழைந்து.
ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே
மறு கையால் எழுநூறு முறை தட்டினேன்:
காலி.

கேமரா இருபத்திரண்டு. விடிகாலை ஐந்து பத்து.
ஒரு பெண், தலையில் சுள்ளிக்கட்டு.
பின்னால் ஒரு பையன்,
செருப்பு இரண்டும் கையில்.
இருட்டில் மானுக்கு மின்னுவதுபோல
மனிதருக்குக் கண் மின்னுவதில்லை.
நேராகக் கேமராவைப் பார்க்கிறான்,
அது பார்ப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"மனிதர்" என்று போட்டால்
படம் தானாக ரேஞ்சர் ஆபீசுக்குப் போய்விடும்.
நல்ல விதிதான். கண்ணி வைக்க வந்த நாலு பேரை
போன வருஷம் அப்படித்தான் பிடித்தார்கள்,
அந்தப் பெயரைத் தட்டியதும் நான்தான்.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏற்றிய பிறகு
சிந்திய நெல்லைக் கூட்டி அள்ள வருகிறவர்களும்
இந்த நேரத்துக்குத்தான் வருவார்கள்.
வாட்ச்மேன் டீக்குப் போகிற நேரம்.
அம்மா ஒரு வருஷம் போனாள்.
நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால்.

கீழே ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள்.
ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகப் போய் முடியும்வரை
படத்தைத் திறந்தே வைத்திருந்தேன்.

காலி.

அடுத்த படம், ஐந்து முப்பத்தெட்டு.
பையன் நின்ற இடத்தை
ஏதோ ஒன்று குனிந்து முகர்கிறது.
காலைப் பார்த்தேன். பென்சில் தடிமன்.

ஐம்பதில் ஒரு படத்தை ஷெர்லின் மறுபடி திறந்து பார்ப்பார்.
எந்தப் படம் என்று
எனக்குச் சொல்வதில்லை.