காலாவதி

காஸ்த்ரோ நகர அரசு வழக்குத்தொடுநர் அலுவலகத்தில்
மூன்றாம் எண் மேசை என்னுடையது.
சிலோயே தீவில் மழையை யாரும் குறித்துவைப்பதில்லை.
நான் குறித்துவைப்பது
பெயர், வயது, தேதி, பிரிவு.

எதுவினா கார்காமோ வெஞ்சூர்.
ஐம்பத்துமூன்று.
"எட்டு வயசுல" என்றாள்.
அப்புறம் வெகுநேரம்
அவள் குடை சொட்டிய சத்தம்தான்.

சட்டப் புத்தகத்தில் இதற்கு வினைச்சொற்கள் உண்டு.
தொட்டதற்கு ஒரு பிரிவு,
காட்டியதற்கு ஒரு பிரிவு,
மிரட்டினால் ஒன்று, சொந்தக்காரனாயிருந்தால் கூட ஒன்று,
ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இத்தனை ஆண்டு
மளிகைக் கடை விலைப்பலகை மாதிரி.
அவளிடம் அன்று இருந்த சொற்கள் மூன்று:
ஆட்டுக்குட்டி. படகுக்கொட்டகை. அம்மாவிடம்சொல்லாதே.
மூன்றாவதை ஒரே சொல்லாகத்தான் சொன்னாள்.

நான் படித்துக் காட்டினேன்:
பதினான்கு நிறையாத குழந்தையிடம்
சம்மதம் என்ற கேள்வியே எழாது.
"திரும்பப் படிங்க" என்றாள்.
படித்தேன்.
"எழாதுன்னா போட்டிருக்கு?"

நாற்பத்தைந்து வருடம் அவளுக்குள் அது
எழுந்துகொண்டேதான் இருந்திருக்கிறது,
விடியற்காலை நாலு மணிக்கு,
ஈர விறகை ஊதும்போது,
நான் ஏன் ஓடவில்லை என்று.

ஆள் பெயரைக் கேட்டேன்.
பெலார்மினோ பார்ரியா, படகு செய்பவர்.
பேனா நின்றது.
அவர் செய்த படகில்தான்
பள்ளிக்கூடத்துக்குக் கடல் கடந்தேன் நான்.
எண்பத்துநாலு வயதில் இப்போதும்
கோயிலில் முன்வரிசையில் பாடுகிறார்,
நல்ல குரல்.
எழுதினேன்.
கை எழுதியது என்பதே சரி.

இனி சொல்லவேண்டியதை
மாடியில் இருக்கும் வழக்குத்தொடுநர் அம்மையார்
என்னைவிட மென்மையாகச் சொல்வார்.
ஆனாலும் அவள் கேட்டது என்னிடம்.
"இப்ப இதுக்குக் காலவரம்பே இல்லைன்னு
ரேடியோவுல சொன்னாங்களே?"
இல்லைதான். சட்டம் வந்த நாளிலிருந்து நடந்தவைக்கு.
அது முன்னால் மட்டும் நடக்கிற சட்டம்,
பின்னால் திரும்பக் கழுத்து கிடையாது.
உங்களுடையது பழைய கணக்கு, அம்மா,
அது காலாவதி.

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.
கெயோன் சால்மன் ஆலையில்
பதினாறு வருடம் அவள் வேலையே அதுதானாம்:
உறைந்த மீன் பெட்டியில்
காலாவதித் தேதி குத்துவது.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.
"அப்படின்னா அது முடிஞ்ச வருசம்
நான் ஆலையிலதான் இருந்தேன்.
ஏதோ ஒரு பெட்டியில
அந்தத் தேதியை நானே குத்தியிருப்பேன்.
யாரும் சொல்லலையே."

எதிர் அறைக் கதவின் மேல்
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
உள்ளே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி,
கேட்பதற்கென்று பயின்ற ஒருத்தி,
ஒரு கேமரா.
"பொம்மை வெச்சிருக்காங்களா?"
இல்லை, இரண்டு நாற்காலி மட்டும்.
"எத்தனை தடவை சொல்லணும் அது?"
ஒரே தடவைதான் கேட்க வேண்டும் என்றிருக்கிறது.
அந்த விளக்கையே பார்த்தபடி
"சரி" என்றாள்,
யாரோ அவளிடம் அனுமதி கேட்டதுபோல.

பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்து
"என்னோடதை எழுதுங்க" என்றாள்.
வழக்கு நிற்காது, அம்மா.
"நான் நிக்கறேன். எழுதுங்க."

நான்கு பக்கம்.
சம்பவத் தேதி என்ற கட்டத்தில்
ஆப்பிள் பூத்திருந்தது என்று எழுதச் சொன்னாள்.
பிரிவு என்ற கட்டத்தில்
எண்ணைப் போட்டேன், முழுதாக,
யார் அடித்தாலும் அடிக்கட்டும்.

பெறப்பட்டது முத்திரையை எடுத்துக் குத்தினேன்.
குனிந்து பார்த்தாள்.
"சாஞ்சிருக்கு.
மணிக்கட்டை மடக்காதீங்க, தோளிலிருந்து வரணும்.
கொடுங்க இப்படி."