கதவு எத்தனை?

வியாழன் இரவு பதினொன்றரை.
முத்தியால்பேட்டை மாடி அறை.
திரையில் மூன்று கப்பல்கள் சுழல்கின்றன,
நகைக்கடைக்காரர் விரலில் மாட்டிக் காட்டும் வளையல் போல
மெதுவாக, எல்லாப் பக்கமும்.

ஒன்றுதான் வாங்க முடியும்.
நாலு மாதம் சிறுகோள் சுரண்டி விற்ற காசு.

முதலாவதில் நாற்பது வீரர் ஏறலாம்.
காரைக்காலிலிருந்து தாவூது அதற்கு
எருமை என்று பெயர் வைத்துவிட்டான்.
கவசம் ஒரு முழம். திரும்பு என்றால்
மறுநாள் திரும்பும்.
இரண்டாவது தட்டான். எட்டுப் பேர்.
குறிவைப்பதற்குள் கடந்துவிடும்,
பட்டால் அப்பளம்.
மூன்றாவதற்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
பதினாறு இருக்கை. நடுவாந்தர வேகம்.
நிறம்கூட ரேஷன் சாக்கு நிறம்.

"படுக்க இடம் இருக்கா பாரு" என்கிறார் பிலோமின்.
அறுபதை நெருங்கும் எங்கள் துப்பாக்கிக்காரி.
பாரிசுக்கு வெளியே ஏதோ ஊரில்
அவருக்கு இன்னும் மாலை.
சிரித்தோம். பதினொரு நிமிஷப் பயணத்துக்குப் படுக்கையா?

"எங்கப்பா சொல்தா. முப்பது நாள் கப்பலோட அடித்தட்டுல போனாரு.
சண்டையப் பத்தி வாயே தொறக்க மாட்டாரு.
தலைக்கு மேல தகரத்துல எத்தன ஆணி,
அத மட்டும் சொல்லுவாரு."

எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.
வாக்குவாதம் எருமைக்கே திரும்பியது.

ஓட்டப்போவது நான்.
எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது:
கதவு எத்தனை?

பகலில் எனக்கு டெம்போ வேன்.
பாகூரில் ஏற்றிச் சேதராப்பட்டில் இறக்குவேன்,
பதினாலு சீட்டில் பத்தொன்பது பேர்.
போன ஐப்பசியில், இந்திரா காந்தி சிலை அருகே
தண்ணீர் சக்கரத்தை விழுங்கியபோது
கதவு இழுபடவில்லை.
அமிர்தகௌரி ஜன்னல் வழியாக
முதலில் டிபன் கேரியரை நீட்டினாள்,
பிறகு செருப்பை,
பிறகு தன்னை.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று
ஓனரிடம் சொன்னேன், ஆட்டோக்காரரிடம் சொன்னேன்,
ராத்திரி ஸ்டியரிங்கிடமும்.

எருமைக்கு ஒன்று, பின்னால்.
தட்டானுக்கு ஒன்று.
பெயரில்லாததற்கு மூன்று:
பக்கத்துக்கு ஒன்று, தரையில் ஒன்று.

வாங்கினோம். தாவூது இரண்டு நாள் பேசவில்லை.

விலைப்பட்டியலில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு.
கிளம்பிவிட்டால் பதினொரு நிமிஷம்
வீரர்களுக்கு வேலையே கிடையாது.
பதினாறு பேர் பதினாறு அறையில் சும்மா இருப்பார்கள்,
மைக்கை அணைக்க மறந்தவர்கள் எனக்குக் கேட்பார்கள்.
தாவூதின் மின்விசிறி டக் டக்.
நெட்டப்பாக்கத்துப் பையன் முறுக்குக் கடிக்கிறான்.
யாரோ வீட்டில் குழந்தைக்கு இருமல்.
யாரோ "இதோ வரேம்மா" என்கிறான்,
வரமாட்டான், தரையிறங்க இன்னும் ஆறு நிமிஷம்.
பிலோமின் பக்கம் ஒரு சுவர்க்கடிகாரம்,
வேறெதுவும் இல்லை.

இத்தனையும் தூக்கிக்கொண்டு
ஊர் பேர் தெரியாத நிலாவைச் சுற்றுகிறேன்.
பள்ளத்தைப் பார்த்து ஒடிக்கும் கை
இங்கேயும் ஒடிக்கிறது.

சுட்டார்கள்.
இடது இறக்கை போயிற்று.
மூன்று கதவையும் திறந்துவிட்டேன்.
பதினைந்து பேர் குதித்தார்கள்.

"பிலோமின், இறங்குங்க!"

"இரு, கூரையில ஆணி எண்ணிட்டிருக்கேன்."

"எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லப்பா.
படம் போட்டவன் ஆணியே அடிக்கல."

வெடித்தோம், இருவரும்,
முதலில் சிரித்து.

மறுபடி பிறக்கத் தொண்ணூறு விநாடி.
பாகூரில் நாலே முக்காலுக்கு நிற்க வேண்டும்.
போகும் வழியில்
கதவுத் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் கிரீஸ்.